ஏற்காட்டு முற்றத்தில் இரண்டு தாய் வாத்துகள்: காவல் எதுவரை?

நாகலூர் பக்கம், காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் போன மழைக்காலத்தில் இரண்டு வாத்துகள் ஒரே வாரத்தில் குஞ்சு பொரித்தன. ஒன்று மஸ்கோவி, சந்தையில் மணிலா வாத்து என்பார்கள். மற்றது நாட்டு வாத்து. இரண்டுக்கும் சேர்த்து 17 குஞ்சுகள். பத்து வாரம் கழித்து எண்ணியபோது 11 இருந்தன.

போன ஆறுக்கும் வீட்டில் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: தாய் சரியில்லை. நாட்டு வாத்துக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை, மணிலா வாத்து முரடு, தானே கொன்றுவிடும். புறக்கடையில் வாத்து வளர்க்கிற பல வீடுகளில் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். அதோடு நிறுத்தாமல், அடுத்த முறை குஞ்சுகளைப் பிறந்த அன்றே தாயிடமிருந்து பிரித்து அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வளர்க்கிறார்கள். இந்த வீட்டிலும் அப்படித்தான் முடிவெடுக்க இருந்தார்கள். அதற்கு முன்னால் அந்த ஆறும் எங்கே, எந்த நேரத்தில், எதனால் போயின என்று ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்த வீட்டுப் பாட்டியின் எட்டாம் வகுப்பு படிக்கும் பேரன், வாத்துகள் அடைக்கு உட்கார்ந்த நாள் முதல் ஒரு கணக்கு நோட்டில் தேதி போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தான். அந்த நோட்டும், மலைக்குப் போனபோதெல்லாம் நான் முற்றத்தில் உட்கார்ந்து பார்த்ததும்தான் இங்கே ஆதாரம்.

இடமும் மந்தையும்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே சேலம் 280 மீட்டர்தான். சேலத்தில் மின்விசிறி போட்டுத் தூங்குகிற ராத்திரியில் இங்கே கம்பளி வேண்டும். வாத்துக் குஞ்சுக்கு முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு தேவை. அதன் பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டு வரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த மலையில் அந்தச் சூடு கிடைக்கிற ஒரே இடம் தாயின் வயிற்றுக்கு அடி. தாய் என்றதும் சண்டை போடுவதைத்தான் நினைக்கிறோம். சூடு கொடுப்பதும் காவல்தான், அதுவும் முதல் காவல்.

முற்றத்துக்கு ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மற்ற பக்கங்களில் உண்ணிச்செடி வேலி, அதற்கு அப்பால் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களும் காப்பிச் செடிகளும். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் தொட்டி. ஓரத்தில் தகரம் வேய்ந்த கொட்டகை, முன்பக்கம் கோழிவலை. மந்தையில் மணிலா பெட்டை இரண்டு, ஆண் ஒன்று. நாட்டுப் பெட்டை மூன்று, ஆண் ஒன்று. கூடவே நாலைந்து கோழிகள். காப்பிக்குள் நத்தை பொறுக்குவதற்கென்றே பாட்டி வாத்து வளர்க்க ஆரம்பித்தவர். மழைக்காலத்தில் ஒரு வாத்து தின்னுகிற நத்தையைப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் தெரியும்.

இரண்டு தாய்களும் ஒரே பறவையின் இரண்டு ரகம் என்று நினைத்துவிடக் கூடாது. நாட்டு வாத்து, காக்கி கேம்பல், வெள்ளை பீக்கின், ரன்னர் எல்லாம் மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வழி வந்தவை. மணிலா வாத்து தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா பக்கத்தைச் சேர்ந்த வேறு இனம். நாட்டு வாத்து முட்டை 28 நாளில் பொரியும். மணிலாவுக்கு 35 நாள் ஆகும். இரண்டும் சேர்ந்து குஞ்சு வந்தால் அது பெரும்பாலும் மலடாகவே போகும். நாட்டுப் பெட்டை வாய் ஓயாமல் கத்தும். மணிலா பெட்டையோ சீறும், மெல்லக் கொக்கரிக்கும், அவ்வளவுதான். குணத்திலும் இந்த வித்தியாசம் இருக்கிறது; பின்னால் வருகிற பல விஷயங்களுக்கு இதுதான் அடிப்படை.

முட்டைக்காகவே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய காக்கி கேம்பல் போன்ற ரகங்கள் அடைக்கு உட்காருவதையே ஏறக்குறைய மறந்துவிட்டன. இன்குபேட்டர் இருக்கிற பண்ணைக்கு அது லாபம். முற்றத்தில் நாலு வாத்து வளர்க்கிற வீட்டுக்கு அடைக்கு உட்காரும் ஒரு பெட்டை கிடைப்பது பெரிய சொத்து என்பது என் எண்ணம்.

அடைக்கு உட்கார்ந்தபோது

கருப்பாயி என்று பெயர் வைத்திருந்த மணிலா பெட்டை கொட்டகை மூலையில் ஒரு பழைய மரப்பெட்டிக்குள் 13 முட்டை வைத்து உட்கார்ந்தது. செவலை என்ற நாட்டுப் பெட்டை அதற்கு ஒரு வாரம் கழித்து, விறகு அடுக்குக்குப் பின்னால், 9 முட்டையோடு. அதனால்தான் இரண்டும் ஒரே வாரத்தில் பொரித்தன.

பேரன் நோட்டில் முதல் பக்கத்தில், கருப்பாயி தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்குகிறது, நோயா என்று பாட்டியிடம் கேட்டதாக எழுதியிருக்கிறான். நோய் கிடையாது. பிடுங்கிய அந்த மெல்லிய தூவிதான் கூட்டுக்கு மெத்தை. மயிர் போன இடத்தில் வெறும் தோல் முட்டையோடு ஒட்டிச் சூடு நேராக இறங்கும். நாளுக்கு ஒருமுறை இரை தின்னவும் குளிக்கவும் எழும்போது, அலகால் அந்தத் தூவியை இழுத்து முட்டைகள் மேல் போர்த்திவிட்டுப் போகும். பக்கத்தில் நின்று பார்த்தால், முதலில் ஓர முட்டைகளைத் தாடையால் உள்ளே உருட்டி, அப்புறம் தூவியைச் சுற்றிலும் இருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரு முட்டையும் வெளியே தெரியாதபடி மூடும். மூடுவது சூட்டுக்கு மட்டும் இல்லை. மேலே கிளையில் காக்கை இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் ஆள் கிட்டப் போனால் கருப்பாயி எழுந்து ஒதுங்கியது. நாலாவது வாரத்தில் சீறியது, இறக்கையை விரித்தது, ஆனால் எழவில்லை. கடைசி வாரம் கையை நீட்டினால் இறக்கையின் முட்டியால் அடி விழுந்தது. மணிலா வாத்தின் இறக்கை மடிப்பில் இருக்கிற எலும்பு கெட்டியானது, பட்டால் வலிக்கும். அடைகாக்கும் காலத்தில் புரோலாக்டின் ஹார்மோன் உயர்ந்து நிற்பது ஒரு காரணம். இன்னொன்று, முட்டை பொரிக்கிற நாள் நெருங்க நெருங்க அதை விட்டுப் போனால் வரும் நஷ்டமும் கூடுகிறது. காட்டு வாத்துகளிலும் அடைகாலத்தின் கடைசி நாட்களில் தாய் கூட்டை விட்டு எளிதில் நகராது.

நடுவில் பாட்டிக்கு ஒரு யோசனை. மற்ற நாட்டுப் பெட்டைகள் போட்ட முட்டையில் நாலைந்தைக் கருப்பாயிக்கு அடியிலேயே வைத்துவிட்டால் என்ன? நல்லவேளை, வைக்கவில்லை. 28 நாள் முட்டையும் 35 நாள் முட்டையும் ஒரே கூட்டில் இருந்தால், முதலில் வெளிவந்த குஞ்சுகளோடு தாய் எழுந்து போய்விடும். மீதி முட்டைகள் உள்ளே உயிரோடு குளிர்ந்து சாகும். கோழிக்கு அடியில் வாத்து முட்டை வைப்பது நம் ஊர்களில் காலகாலமாக இருக்கிற பழக்கம்தான். அங்கேயும் 21 நாளில் எழுந்துவிடாத, நன்றாக அடை உட்காரும் கோழியாகப் பார்த்து வைப்பார்கள்.

பொரிப்பதற்கு முந்தின நாள் பாட்டி என்னைக் கூப்பிட்டு, "உள்ளே இருந்து பேசுது கண்ணு, காதை வெச்சுக் கேளு" என்றார். கேட்டது. ஓட்டுக்குள் இருந்து மெல்லிய கீச்சு; அதற்குக் கருப்பாயி தொண்டைக்குள்ளேயே ஒரு பதில். இந்தப் பேச்சு வீண் பேச்சு இல்லை. முட்டைக்குள் கேட்ட குரல்கள்தான் வெளியே வந்தபின் தாயின் அழைப்பைக் குஞ்சு அடையாளம் காண வழி செய்கின்றன என்று கில்பர்ட் காட்லீப் என்ற அமெரிக்க ஆய்வாளர் வாத்துகளை வைத்தே காட்டினார். பொரித்த முதல் நாளில், குறிப்பாக 13 முதல் 16 மணி நேரத்தில், குஞ்சு எதைப் பின்தொடர்கிறதோ அது மனதில் ஆழமாகப் பதிந்துவிடும் என்பது எக்கார்ட் ஹெஸ் என்ற ஆய்வாளர் மல்லார்ட் குஞ்சுகளில் கண்டது. பிறந்த அன்றே குஞ்சைப் பிரித்துப் பெட்டியில் போடும்போது நாம் எதை அறுக்கிறோம் என்பது இதிலிருந்து புரியும். ஆபத்து வரும்போது தாய் கொடுக்கும் ஒரு குரலுக்கு அப்படியே உறைந்து நிற்பது இந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

கண்முன்னே நடந்த காவல்

கருப்பாயிக்கு 11 பொரித்தன, செவலைக்கு 6. மணிலா ஒரு நாள் முழுக்கக் கூட்டிலேயே குஞ்சுகளை வைத்திருந்து, மறுநாள் வெயில் வந்த பிறகு வெளியே இறக்கியது. குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் முதல் நாள் தீனி கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

முற்றத்தில் நான் பார்த்த எதிரிகளில் பக்கத்து வீட்டுப் பூனை முதலில் வரும். வேலியோரம் பதுங்கி வந்தது. கருப்பாயி கத்தவில்லை, ஓடவும் இல்லை. வாலை விசிறி, கழுத்தைத் தரையோடு நீட்டி, சீறிக்கொண்டே நேராக அதன்மேல் நடந்தது. பூனை பின்வாங்கிய வேகத்தில் வேலியில் மாட்டிக்கொண்டது. கீரி விஷயத்தில் இன்னும் உறுதி. பட்டப்பகலில் கீரி முற்றத்துக்குள் வந்து, இரண்டு கால் தூக்கி நின்று குஞ்சுகளை எண்ணுவதுபோலப் பார்த்தது. கருப்பாயி பாய்ந்து இறக்கையால் இரண்டு முறை அடித்தது. ஒரு முறை பட்டது. கீரி அதற்குப் பிறகும் சில நாள் வந்தது, ஆனால் குஞ்சு பக்கம் போகவில்லை. பொறி வைக்கலாமா என்று வீட்டில் கேட்டார்கள். கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.

செவலையின் வழி வேறு. நாய் வந்தபோது அது எதிர்த்து நிற்கவில்லை. பெருங்குரலில் கத்திக்கொண்டு, ஒரு இறக்கையைத் தரையில் இழுத்தபடி, குஞ்சுகள் இருந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் ஓடியது. நாயும் அதன் பின்னால் ஓடியது. குஞ்சுகள் ஆறும் காப்பிச் செடிக்கு அடியில் காய்ந்த இலைக்குள் அசையாமல் கிடந்தன. அடிபட்டதுபோல நடித்து எதிரியை இழுத்துக்கொண்டு போகும் இந்த உத்தி காட்டு வாத்துகளில் நன்றாகத் தெரிந்தது. எத்தனையோ தலைமுறை வீட்டில் வளர்ந்த பறவையிடமும் அது மிச்சம் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. "தாய் பயந்து ஓடிப்போச்சு" என்றுதான் வீட்டில் அதைச் சொன்னார்கள். ஓடிய திசையைக் கவனித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பருந்து, வல்லூறு வரும்போது இரண்டு தாய்களும் ஒரே மாதிரிதான். வாத்தின் கண் தலைக்குப் பக்கவாட்டில் இருப்பதால் நேர்மேலே பார்க்கத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணை வானத்துக்குக் கொடுக்கும். செவலை அப்படிச் சாய்க்கும்போது மேய்ச்சல் நின்றுவிடும். அப்புறம் குட்டையாக ஒரு குரல். கூப்பிடுகிற குரலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். அந்தக் குரல் வந்ததும் குஞ்சுகள் கீச்சிடுவதை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலேயே படுத்துக்கொண்டன. அவ்வளவு நேரம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று அறுந்துபோகும். மேலே பார்க்காமலேயே பருந்து வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

பூனை, கீரி, நாய், பருந்து, வல்லூறு. இந்த ஐந்திடமும் ஒரு குஞ்சுகூடப் போகவில்லை.

போன ஆறு

முதலாவது, பொரித்த அன்றே. கருப்பாயியின் மரப்பெட்டி அகலம் குறைவு. மூன்று கிலோ அளவுக்கு எடையுள்ள பறவை அதற்குள் திரும்பும்போது ஒரு குஞ்சு சுவருக்கும் காலுக்கும் நடுவே மாட்டி நசுங்கியது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. கோழிக்கு அது சரி. கனத்த மணிலா வாத்தை நெருக்கமான பெட்டியில் வைத்தால் சரிவராது.

இரண்டாவது, செவலையின் குஞ்சு; கருப்பாயியே கொன்றது. இரண்டு குடும்பமும் ஒரே கொட்டகையில் இருந்தன. மூன்றாம் நாள் செவலையின் குஞ்சு ஒன்று வழிதவறிக் கருப்பாயியின் கூட்டத்துக்குள் நுழைந்தது. கழுத்தைக் கவ்வி இரண்டு உதறு, முடிந்தது. வீட்டில் "பேய்" என்றார்கள். கீரியை அடித்ததும் இதே குணம்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. தன் குஞ்சுகளின் குரலும் உருவமும் பழகிய சில நாளிலேயே மணிலா தாய்க்கு வேற்றுக் குஞ்சு எதிரியாகிவிடும். தன் பிள்ளைகளுக்கு அருகில் வரும் அந்நியனை விரட்டுகிற வேகம் அளவு பார்க்காது. தாயில்லாத குஞ்சை அதனிடம் சேர்க்க வேண்டுமென்றால், பொரித்த ஓரிரு நாளுக்குள், ராத்திரி இருட்டில், வயிற்றுக்கு அடியில் நுழைத்துவிடுவதுதான் நடைமுறை. பகலில் நடுமுற்றத்தில் கொண்டுபோய் விட்டால் இதுதான் நடக்கும். இரண்டு மணிலா பெட்டைகள் ஒன்றுசேர்ந்து குஞ்சு வளர்ப்பதும் உண்டு. ஆனால் அதை நம்பி ஏற்பாடு செய்யக் கூடாது.

மூன்றாவது, தொட்டி. இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. செவலை தண்ணீரை விட்டு விலகாத பறவை. தொட்டிக்கு வெளியே அடுக்கியிருந்த கற்களில் ஏறிக் குஞ்சுகளோடு இறங்கியது. உள்பக்கச் சுவர் செங்குத்து. நீர்மட்டம் குறைவாக இருந்த நாளில் ஐந்து குஞ்சும் ஏற முடியாமல் உள்ளே சுற்றிச்சுற்றி வந்தன. செவலை விளிம்பில் நின்று கூப்பிட்டது, மறுபடி இறங்கியது, மறுபடி ஏறிக் கூப்பிட்டது. வாத்துக்குப் பிள்ளையைத் தூக்கத் தெரியாது. அதனால் முடிந்தது கூப்பிடுவதும் வழிகாட்டுவதும் மட்டும். மருமகள் சத்தம் கேட்டு வந்து எடுக்கும்போது நாலு நடுங்கிக்கொண்டிருந்தன, ஒன்று செத்திருந்தது. நீந்தத் தெரிந்த குஞ்சு எப்படித் தண்ணீரில் சாகும் என்று எல்லோரும் கேட்டார்கள். நனைந்து குளிர்ந்து, களைத்துச் சாகிறது. வால் அடியில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பி முதல் நாட்களில் குஞ்சுக்கு முழுதாக வேலை செய்யாது. தாயின் இறகோடு உரசி ஒட்டும் எண்ணெயும், நனைந்ததும் தாயின் அடியில் போய் உலர்வதும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. அன்றைக்குத் தாய் ஓர் அடி தூரத்தில் இருந்தும் அந்த அடி அதற்கு எட்டவில்லை.

நான்கும் ஐந்தும் ஒரே ராத்திரியில். காலையில் கருப்பாயியின் குஞ்சுகளில் இரண்டைக் காணோம். கொட்டகை மூலையில் புதிதாக ஒரு வளை, பக்கத்தில் கொஞ்சம் மஞ்சள் தூவி. பெருச்சாளி. முன்பக்கம் அடித்திருந்த கோழிவலையின் கண் பெரிது. தரை வெறும் மண். வாத்துக்கு இருட்டில் ஒன்றும் செய்ய முடியாது என்பதில்லை, அன்றும் சீறியிருக்கும். ஆனால் எலி பின்பக்கமாக வளை தோண்டி வந்து, ஓரத்தில் படுத்திருக்கிற குஞ்சை இழுத்துக்கொண்டு போய்விடும். வயிற்றுக்கு அடியிலிருந்தே இழுத்துப் போவதும் உண்டு. மணிலா தாய் சத்தம் போடாத இனம். வீட்டார் தூங்கும் அறை சுவருக்கு அந்தப் பக்கம்தான் என்றாலும் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. செவலையாக இருந்திருந்தால் தோட்டமே எழுந்திருக்கும்.

ஆறாவது, காக்கை. ஒன்று கருப்பாயிக்கு முன்னால் இறங்கியது. கருப்பாயி அதை விரட்டிக்கொண்டு நாலடி போன நேரத்தில், இன்னொன்று பின்னால் இறங்கிக் கடைசியாக வந்த குஞ்சைத் தூக்கியது. கண்ணெதிரே எதிர்த்து நின்று, தோற்றது இந்த ஒரு முறைதான்.

இதை நோட்டில் வரிசையாக எழுதிப் பாட்டியிடம் காட்டினோம். ஆறில் ஒன்று மட்டும் தாய் பார்த்துச் சண்டை போட்ட எதிரியிடம் போனது. மீதி ஐந்தும் பெட்டி, கொட்டகை, தொட்டி, வலை, தரை என்று நாம் செய்து வைத்த இடங்களில் போனவை. பாட்டி கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துவிட்டு, "அப்போ அதுங்க வேலையை அதுங்க ஒழுங்காத்தான் பார்த்திருக்குதுங்க" என்றார். குஞ்சைப் பிரிக்கும் பேச்சு அதோடு நின்றது.

ஆணும் தீனியும்

கணக்கில் ஏறாத இரண்டு ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். மணிலா ஆண் பெட்டையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. பொரித்த இரண்டாம் வாரத்திலேயே தொட்டியில் கருப்பாயி மேல் ஏறப் பார்த்தது. குஞ்சுகள் காலடியில் சிதறின. தாய் சீறியும் பலன் இல்லை. எதிரியை விரட்டுகிற தாய் தன் ஜோடியை அப்படி விரட்டுவதில்லை. அன்றைக்கே இரண்டு ஆண்களையும் வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக அடைத்தார்கள். ஒரு ஆணுக்கு நாலைந்து பெட்டையாவது இருந்தால் இந்தத் தொல்லை குறையும். இங்கே மணிலா ஆணுக்கு இருந்ததே இரண்டு பெட்டைதான், அதில் ஒன்று பிள்ளைக்காரி.

தீனி இன்னும் முக்கியம். தாய் வாத்து குஞ்சுக்கு ஊட்டுவதில்லை. தட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும், தான் கொத்திக் காட்டும், குஞ்சு தானே தின்னும். தட்டில் இருப்பது கெட்டதா நல்லதா என்று அதற்குத் தெரியாது. கொட்டகையில் ஈரச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கடலைப்புண்ணாக்கு மூட்டையின் அடியில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அப்படியே எடுத்துக் குழியில் போட்டுப் புதைக்கச் சொன்னேன். பூஞ்சணம் பிடித்த கடலையிலும் சோளத்திலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சைத் தாங்கும் சக்தி வாத்துக் குஞ்சுக்கு மிகக் குறைவு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோதுதான் இந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது; அப்போது வாத்துக் குஞ்சுகளும் செத்தன. மழைக்காலத்து மலைவீட்டில் புண்ணாக்கு மூட்டையை வீட்டுக்குள் பலகை மேல்தான் வைக்க வேண்டும். முட்டைக்கோழித் தீவனமும் குஞ்சுக்கு ஆகாது, சுண்ணாம்புச் சத்து அதிகம். கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டும் போட்டால் நியாசின் என்ற வைட்டமின் பற்றாமல் கால் வளையலாம். உலர்ந்த ஈஸ்ட் கொஞ்சம் கலந்தால் சரியாகும்.

செய்த மாற்றங்கள்

மாற்றங்கள் பெரிய செலவில்லாதவை. மரப்பெட்டி போய், தாய் முழுதாகத் திரும்பும் அளவுக்குச் செங்கல் அடுக்கி வைக்கோல் போட்ட மூலை வந்தது. கொட்டகைத் தரைக்கும் சுவர் அடிக்கும் சிமெண்ட் பூசி, முன்பக்கம் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு வலை அடித்தார்கள். நடுவில் தகரம் வைத்து இரண்டு அறை; தாய்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. தொட்டிக்குள் செங்கல் படி, அதன்மேல் வழுக்காமல் சாக்கு. முதல் மூன்று வாரம் தொட்டியே வேண்டாம் என்று அகலமான ஒரு தட்டில், மூக்கும் கண்ணும் முங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் வைத்தார்கள். மூக்கைக் கழுவ முடியாவிட்டால் வாத்துக்கு அடைத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரே இல்லாமலும் விடக் கூடாது.

ஆட்கள் நடந்துகொள்ளும் முறையிலும் ஒன்றை மாற்றினோம். பேரனின் நண்பர்கள் குஞ்சைக் கையில் எடுப்பார்கள். எடுத்ததும் குஞ்சு உச்சக் குரலில் கீச்சிடும். அந்தக் குரல்தான் தாயைத் தூண்டுகிற பொத்தான். கருப்பாயி ஒரு பையனின் கெண்டைக்காலில் பறந்து அடித்தது. தீனி வைக்க ஒரே ஆள், ஒரே நேரம், நிமிராமல் மெல்லக் குனிந்து போவது, குஞ்சைத் தொடாமல் இருப்பது என்று வைத்துக்கொண்டபின், மருமகள் கிட்டப் போனால் சீறல்கூட இல்லாமல் போனது. புதிதாக வருகிற என்னைப் பார்த்தால் மட்டும் வாலை விசிறும்.

தாய்மை எப்போது முடிகிறது என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். செவலை எட்டாவது வாரத்தில் குஞ்சுகளைக் கண்டுகொள்ளாமல் மற்ற பெட்டைகளோடு திரும்பச் சேர்ந்தது. கருப்பாயி பத்தாவது வாரம்வரை விடவில்லை. அப்புறம் ஒருநாள் தீனித்தட்டில் தன் பிள்ளையையே கொத்தி விரட்டியது. பாட்டிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. குஞ்சுகளுக்கு இறகு முளைத்துத் தாயின் சூடு தேவைப்படாத நேரம் அது. வாத்து பிளேக் தடுப்பூசி போடுகிற வயதும் ஏறக்குறைய அதுதான். கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

மாசி மாதத்தில் கருப்பாயி மறுபடி உட்கார்ந்தது. 10 பொரித்தன, 9 வளர்ந்தன. மழையும் குளிரும் இல்லாத பருவம் என்பதால் பலன் முழுவதையும் மாற்றங்களின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் நசுங்கியதோ, மூழ்கியதோ, எலி இழுத்ததோ ஒன்றும் இல்லை. போன ஒன்று இந்த முறையும் காக்கையிடம், அதே மாதிரி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இப்போது முற்றத்துக்கு மேலே பழைய மீன்வலையைக் குறுக்காகக் கட்டியிருக்கிறார்கள். செவலை அடுத்த மழைக்கு முன் உட்காரும் என்று பாட்டி சொல்கிறார். வலை காக்கைக்கு எவ்வளவு தடை என்பது அப்போது தெரியும். பேரன் புது நோட்டு வாங்கி வைத்திருக்கிறான்.